பார்க்க மட்டும் அனுமதி

பத்தூமியில் மழை ஆள் பார்த்துப் பெய்வதில்லை.
கடலோரக் கடை சியூரிக்கு,
ரயிலடிக் கடை நுக்ஸாருக்கு என்று
நீதிமன்றம் பிரித்துக் கொடுத்த நாளிலும்
இரண்டு கூரையிலும் ஒரே மழைதான்.

அடுப்புகளைப் பிரித்தார்கள்.
மாவு பிசையும் இயந்திரத்தை,
பூனையை,
கடன்காரர்களைக்கூட ஆளுக்குப் பாதியாக.
கிடங்கும் கணக்கும் மட்டும் பொதுவில் நின்றன.
கிடங்கு வாடகையில் இருந்தது.
கணக்கு மேகத்தில் இருந்தது.

மேகம் என்றால் எங்கோ ஓர் ஊரில்
குளிரூட்டிய கட்டடத்துக்குள் இரைந்துகொண்டிருக்கும் பெட்டிகள் என்று
விற்க வந்தவன் விளக்கினான்.
சியூரி ஜன்னலைத் திறந்து
மலைமேல் கிடந்ததைக் காட்டினாள்.
"எனக்கு இது போதும், மாதம் எவ்வளவு?"

ஆளுக்கொரு டேப்லெட்.
அவளுடையதின் மூலையில் விரிசல், விரிசலுக்குள் வெண்ணெய்.
அவன் தன்னுடையதைப் பாலித்தீன் பையில் போட்டுப்
பைக்கு மேலிருந்தே தொடுவான்.
எனக்கும் ஒன்று உண்டு, பழையது.
சைக்கிளில் சரக்கு சுமக்கிறவன் நான்.
என் பெயருக்கு நேரே எழுதியிருக்கும்:
கோச்சா, பார்க்க மட்டும் அனுமதி.

பார்த்தேன்.
காலை ஏழுக்குப் பாலாடைக்கட்டி பதினெட்டு கிலோ,
பத்தரைக்குப் பதினொன்று.
நடுவில் முட்டை உடைத்து ஊற்றிய படகு ரொட்டி ஒன்றை
இங்கே அவள் விற்றால்
அங்கே அவன் திரையில் ஒரு முட்டை குறையும்.
முன்பெல்லாம் மாதக் கடைசியில்
சாக்கிலிருந்து ரசீதுகளைக் கொட்டிவிட்டு
இரண்டு பேரும் கத்துவார்கள்.
இப்போது மாவு தீருமுன்
ஆலைக்குத் தானே ஆர்டர் போய்விடுகிறது.
எதுவும் மீந்து புளிப்பதில்லை.
கத்தத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும்
யார் எப்போது கைவைத்தார் என்று பொடி எழுத்தில் இருக்கும்.
நுக்ஸார், அதிகாலை 3.12.
சியூரி, அதிகாலை 3.14.
அந்த நேரத்தில் உப்புக்கு என்ன அவசரம்?
ஒன்பது கிலோவை அவன் எட்டாக்குவான்.
அவள் மறுபடி ஒன்பதாக்குவாள்.
எட்டு.
ஒன்பது.
மூட்டை பாட்டுக்குக் கிடங்கில் தூங்கும்.

நவம்பரில் அந்தப் புயல்.
இரண்டு நாள் இணையம் செத்துக் கிடந்தது.
திரையின் உச்சியில் மேகப் படத்தின்மேல் ஒரு கோடு;
வெளியே கோடு போட முடியாத மேகம்.
ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு கடையும்
கிடங்கிலிருந்த அதே முட்டைகளை
இரண்டு வீட்டு விருந்துக்கு வாக்குக் கொடுத்தன.

மூன்றாம் நாள் விடியலில் கோடு மறைந்தது.
வந்தது கேள்வி:
'இரண்டு பிரதிகள் உள்ளன. எதை வைத்துக்கொள்வது?
உங்களுடையதா, அவருடையதா?'
கீழே, சின்னதாய், மூன்றாவது பொத்தான்.
என் திரையில் எல்லாமே சாம்பல் நிறம்,
அழுத்தினால் அமுங்காது.
சியூரி மாவுக் கையைத் துடைத்தாள்.
துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தாள்.
பிறகு தொட்டாள்.

இரண்டையும்.

கணக்கு கூச்சமில்லாமல் சொன்னது:
கையிருப்பு, முட்டை, மைனஸ் நாற்பத்து நான்கு.
கொஞ்ச நேரம் கழித்து ரயிலடியிலிருந்து
குறிப்புப் பெட்டியில் ஒரு வரி,
ஏழு மாதத்தில் எண் இல்லாத முதல் வரி:
'பெரிய முட்டையாய்ப் பார்த்து வாங்கச் சொல். போன தடவை சிறுசு.'
அவள் சிரித்தாளா என்று தெரியாது.
அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள்.

சைக்கிளை எடுத்தேன்.
மழை விட்டபாடில்லை.
சந்தையிலிருந்து வரும் வழியெல்லாம் கல் பாவிய தெரு.
நாற்பத்து நான்கும் உடையாமல் வரவேண்டும்.
அது எந்த மேகத்திலும் இல்லை,
என் ஹாண்டில்பாரில் தொங்கும் பையில் இருக்கிறது.