தொண்ணூற்றேழு மீட்டர்

அசையாமல் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இருபத்திரண்டு வருஷம்.
கம்பின் உச்சியில் கண்ணாடிப் பட்டகம்,
இடுப்பு உயரத்தில் ஒரு நீர்க்குமிழி.
குமிழி வட்டத்துக்குள் நிற்க வேண்டும்,
நான் குமிழிக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும்.
தூரத்தில் முக்காலிமேல் குனிந்திருக்கும் தாரிக்
ரேடியோவில் இரண்டே வார்த்தை பேசுவார்:
மத் ஹிலோ.
சோஹாரில் நான் அசையாது நின்ற இடங்களின் மேலேதான்
இன்று லாரிகள் நூற்றிருபதில் போகின்றன.

நாற்பத்தெட்டு வயதில்
நூறு மீட்டரைப் பதின்மூன்று நொடிக்குள் ஓட
ஏன் தோன்றியது என்று கேட்காதீர்கள்.
கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லியாயிற்று.
கேம்ப்பில் சர்க்கரை என்றேன்.
நடந்தாலே போதுமே என்றார் டாக்டர்.
சகாயராணியிடம் சும்மாதான் என்றேன்.
போனில் கொஞ்சநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு, "யாராவது தொரத்துறாங்களா?"
கடனெல்லாம் மார்ச்சோடு முடிந்தது, ராணி.
அதற்கப்புறம்தான் கால் ஓடப் பார்க்கிறது.

பலஜ் அல் கபாயிலுக்குப் பின்னால்
இன்னும் திறக்காத சர்வீஸ் ரோடு.
தார் போட்டாயிற்று, கோடு போடவில்லை.
வெள்ளிக்கிழமை விடிகாலை நாலரைக்கு அது
எனக்கும் இரண்டு ஆடுகளுக்கும்
ரோலர் ஓட்டும் ஷஃபிகுலுக்கும் சொந்தம்.
அவன்தான் டைம் பிடிப்பான்.
கடைசிக் கோட்டில் துண்டைத் தூக்கி நின்று
சட்டென்று தாழ்த்துவான்.

ஜூலையில் அந்த நேரத்திலும் காற்று ஈரத்துணி.
பதினைந்து புள்ளி எட்டு.
டிசம்பரில் பதினாலு சொச்சம்.
பதினெட்டு ரியாலுக்கு ஷூ
(ராணியிடம் எட்டு என்றேன்).
அப்புறம் ஒருநாள் பின்தொடையில்
தையல் பிரிந்தது, சத்தம்கூடக் கேட்டது.
ஆறு வாரம் கம்பைப் பிடித்தபடி நொண்டி நின்றேன்.
தாரிக்குக்கு மட்டும் சந்தோஷம்,
குமிழி நகரவேயில்லை.

முப்பதாவது மீட்டர்வரை நான் ஓடுகிறேன்.
அதற்குமேல் யாரோ ஓடுகிறார்,
நான் கூடப் போகிறேன்.
எழுபதில் என் உடம்பைத் திரும்ப என்னிடமே கொடுக்கிறார்,
நாற்பத்தெட்டு வருஷக் கனத்தோடு.

ஏப்ரலில் வந்தது. பன்னிரண்டு புள்ளி ஒன்பது ஆறு.
"பாரோ! பாரோ!" என்று குதித்தான் ஷஃபிகுல்.
அவன் பாஷையில் பன்னிரண்டு.
என் காதில் பார் பார் என்றே விழுந்தது.
ராணி அந்தப் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தாள்,
ஷூ தெரியாதபடி வெட்டி.

பத்து நாள் கழித்து அதே ரோட்டில் வேலை.
என் சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே கம்போடு நிற்கிறேன்.
எதிரே, தொடங்கும் கோட்டுக்கு நேராக, தாரிக்கின் முக்காலி.
சும்மா ஒரு ஷாட் எடுங்கள் பாய் என்றேன்.
தொண்ணூற்றேழு புள்ளி பூஜ்யம் எட்டு.
இன்னொரு தடவை.
மத் ஹிலோ என்றார்.
தொண்ணூற்றேழு புள்ளி பூஜ்யம் எட்டு.

ஸ்டோர் டேப் ஐம்பது மீட்டர். இரண்டு முறை பிடித்து அளந்தேன்.
முதல் ஒன்றரை மீட்டர் எப்போதோ அறுந்து
எவனோ கைசுத்தமாக
வளையத்தை மறுபடி ரிவெட் அடித்திருக்கிறான்.
இருட்டில் நான் வளையத்தை நம்பினேன்.
தையல்காரன் தன் சட்டையைக் குட்டையாக வெட்டிக்கொண்டது போல
ஓர் அளவுக்காரனுக்கு இது.

"யாருக்குத் தெரியும் பாய்,
மூணு மீட்டர், ரெண்டு எட்டு" என்றான் ஷஃபிகுல்.
அந்த ரெண்டு எட்டுத்தான்.
ஸ்டேட்டஸ் எப்போதோ மறைந்துவிட்டது,
அதற்கு ஆயுள் ஒருநாள்.
ராணிக்கு இன்னும் சொல்லவில்லை.

மேன்ஹோல் மூடியைத் தாண்டி
சிவப்பு ஸ்பிரேயில் புதுக்கோடு போட்டேன்.
போன வெள்ளி, பதின்மூன்று புள்ளி நாலு.
இருபதாம் தேதி ரோட்டைத் திறக்கிறார்கள்.
நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.
ஷஃபிகுல்
துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான்.