ஏழாம் எண் தூக்குவழி

வரைபடத்தில் நானூறு அடி என்றிருந்தது.
படகைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு
அதைக் கடந்தவர்கள் எல்லோரும் பொய் என்றார்கள்.
ஆகவே கவுண்டி அலுவலகம் எங்களை அனுப்பியது:
என்னை, ஓரின் ஹாகெஸ்டாடை,
உருட்ட உருட்ட டிக் டிக்கென்று அடிகளை எண்ணும்
ஒற்றைச் சக்கரத்தை.

ஓரின் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர்.
ஜூனில் அவரைப் படகின் முன்பக்கம் உட்காரவைத்தால்
வளைவு வரும்போதெல்லாம்
வலது கால் பிரேக்கைத் தேடுகிறது.

டோவ்ரே ஆற்றின் நட்டநடுவேதான் எல்லை.
என் துடுப்பு எங்கள் கவுண்டியில்,
அவர் துடுப்பு அடுத்ததில்.
"அங்கே தண்ணீர் தள்ளினால்
ஓவர்டைம் யார் தருவது?" என்கிறார்.
கொசுக்கள் இரண்டு பக்கமும் கடிக்கின்றன.

நீலம் நீர்வழி.
பச்சை நடைவழி.
புள்ளிக்கோடு பனிச்சறுக்குக்கு.
சிவப்பு மட்டும் இல்லை. மை தீர்ந்துபோனதும்
அச்சகம் யாரையும் கேட்காமல் விட்டுவிட்டது.
ஆபத்துகளெல்லாம் அதில்தான் இருந்தன.

ஏழாம் எண் துறையில் கரையேறிச்
சக்கரத்தை உருட்டினேன்.
பிர்ச் மரங்கள், பெரணி,
ஒரு பக்கம் உளுத்த பலகைப் பாலம்,
யாரோ தொலைத்த குழந்தைச் செருப்பு.
நூற்று அறுபதாவது அடியில்
பாதை தண்ணீருக்குள் இறங்கியது,
வீட்டு மாடிப்படி இறங்குவதுபோல, சாவகாசமாக.

பீவர்கள்.
விண்ணப்பம் இல்லை, ஒப்பந்தப்புள்ளி இல்லை.
மார்பளவு நீரில் நின்றது
'நடப்பவர்களுக்கு மட்டும்' என்ற பலகை.

அதைச் சுற்றிக்கொண்டு வந்தது ஒரு கயாக்.
உள்ளே தியா ரோக்னஸ்,
அவர் மடியில் நனைந்த நாய்.
"இது நடைபாதை, அம்மா" என்றார் ஓரின்.
"தெரியும். மூன்று வருஷமாக
இதில்தான் நடக்கிறேன்."
துடுப்பு நிற்கவில்லை.
நாய் மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

திரும்பிப்போய்ப் படகைத் தூக்கிவந்து
அந்தப் பாதைமேல் இறக்கினோம்.
கீழே, பழுப்பு நீரில்,
கவுண்டி செலவில் கொட்டிய சரளை
இன்னும் ஒழுங்காகவே கிடந்தது.
அதன்மேல் மீன்குஞ்சுகள்
வழி தவறாமல் போயின.

பச்சையின்மேல் நீலம் தீட்டினேன்,
பென்சிலால்.
குறிப்பேட்டில்: நூற்று அறுபது அடி நடை.
அப்புறம் என்ன எழுத?

படகின் அடியில் கிடந்த சக்கரம்
ஓர் அலைக்குத் தானாகப் புரண்டு
டிக் என்றது.
அதையும் சேர்ப்பதா என்று கேட்டார் ஓரின்.

சேர்த்தேன்.