பின்னால் காற்று வருகிறதா

காலை ஆறரைக்கே கொதிக்கத் தொடங்கிவிடும் எர்மோசியோ.
ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தனியாக ஒரு துணி வைத்திருக்கிறேன்.
வாரத்தில் மூன்று நாள்
டயாலிசிஸ் நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறேன்:
டான் எலெயூதேரியோ, தோன்யா ரெஃபூஹியோ,
சிமெண்ட் ஆலைப் பையன் நாபோர்.
மூவரும் நடு வரிசை.
கதவு சாத்தியதும் கேட்பேன்
பின்னால் காற்று வருகிறதா?
வருது, வருது, என்பார்கள்
ஈரக் கைக்குட்டையைப் பிடரியில் விரித்தபடி.

மூன்று கோடை போயிற்று இப்படி.
முன்னால் எனக்கு விரல் விறைத்தது.

போன மாதம் மணிக்கட்டு பிசகி
தங்கை புருஷன் ரமீரோ வண்டியை ஓட்டினான்.
நான் நடு வரிசையில் உட்கார்ந்தேன்.
பெரிபெரிகோ சாலையில் ஏறுவதற்குள்
முதுகு சீட்டோடு ஒட்டிவிட்டது.
காற்று வரும் துளைக்கு நேராக
டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் பிடித்தேன்.
அது தொங்கியது,
கேட்டதற்குத் தலையாட்டவும் சோம்பல்படும் ஆள் போல.

எவ்வளவு மரியாதையான பொய்யர்கள் நீங்கள், என்றேன்.
தோன்யா ரெஃபூஹியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, மெஸ்கீட் மர நிழலில் வண்டி.
கையுறைப் பெட்டியைக் கழற்றி பில்டரை உருவினேன்:
பாலைவனம் பாதி அதில் இருந்தது,
சருகு, ஒரு விட்டில் பூச்சியின் ஒற்றைச் சிறகு.
புதிது போட்டேன். முன்னால் புயல்.
பின்னால் அதே பேப்பர், அதே சோம்பல்.
ஃபியூஸ் நல்லதாகவே இருந்தது.
காற்றை முகத்துக்குத் திருப்பினேன், காலுக்குத் திருப்பினேன்.
சீட்டுக்கு அடியில் கை விட்டுத் துழாவினேன்,
நாபோரின் ஒரு செருப்பு தவிர அடைப்பு இல்லை.
கேஸ் குறைவா என்று கேட்டான் ரமீரோ.
கேஸ் குறைந்தால் முன்னாலும்தானே சுடும், போடா.

அப்புறம்தான் காதை வைத்தேன்
இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே அந்த பிளாஸ்டிக் பெட்டியில்.
உள்ளே யாரோ நீளமாக மூச்சு விடுகிறார்கள்.

கப் வைக்கும் குழியின் ரப்பருக்கு அடியில் இரண்டு ஸ்குரூ,
பக்கவாட்டில் இரண்டு. மூடியைத் தூக்கினேன்.
குழாய் இருந்தது. அதை வாங்கிக்கொள்ளும் குழாயும் இருந்தது.
நடுவில் நான்கு விரல் இடைவெளி.
ரேடியோ மாற்றியவன் கழற்றியிருக்கிறான்,
மாட்ட மறந்திருக்கிறான்.
அவ்வளவு குளிரும் அந்த இருட்டில் கொட்டியிருந்தது.

தரையில் சில்லறை கிடந்தது, எண்ணினேன், பதினோரு பேசோ.
ஒரு ஹேர்பின். ஒரு புளி மிட்டாய், கல்லாக.
எடுத்தபோது காசு பனிக்கட்டி போலச் சில்லிட்டது.
நாற்பத்தேழு டிகிரியில்
மூன்று கோடை பெட்ரோல் எரித்து
இவற்றைத்தான் நான் வாடாமல் வைத்திருந்தேன்.

கிளிப் உடைந்துபோயிருந்தது.
குழாயை இழுத்துப் பொருத்தி
அலுமினிய டேப்பை மூன்று சுற்று சுற்றினேன்.
பேப்பர் கையை விட்டுப் பறந்தது.

செவ்வாய்க்கிழமை நான் எதுவும் கேட்கவில்லை.
தோன்யா ரெஃபூஹியோவின் முன்முடி எழுந்து நின்றது.
ஆ, என்றாள். அவ்வளவே.
நாபோர் முகத்தைத் துளைக்கு அருகில் கொண்டுபோய்
வாயைத் திறந்து காற்றைத் தின்றான்.

நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது
டான் எலெயூதேரியோவுக்கு உடம்பு நடுங்கியது.
ரத்தம் வெளியே போய் வந்தால் அப்படித்தான்.
ஊசி ஏறிய கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு
மறு கையால் அந்தச் சின்னச் சக்கரத்தை உருட்டி
தன் பக்கத் துளையை மூடினார்.
கண்ணாடியில் பார்த்தேன்.
முதலில் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டேனே.
பிறகு தோன்றியது,
மூன்று கோடையாக அந்தச் சக்கரம்
திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகவே இருந்தது.
போதும் என்று சொல்லவும்
முதலில் கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது.

பதினோரு பேசோவை டாஷ்போர்டின் மேல் வைத்திருக்கிறேன்.
இப்போது அதைத் தொட முடியவில்லை,
சுடுகிறது.