அரை மூக்கு

ஷஹானியா ஒட்டகப் பந்தயத் திடலில்
முடிவுக்கோட்டுக்கு நேர்மேலே ஒரு கண்ணாடி அறை.
படத்தைப் பார்த்து வித்தியாசம் தட்டச்சுவது என் வேலை.

சேர்ந்த அன்றே ஒரு தாள் கொடுத்தார்கள்:
நோஸ். ஷார்ட் ஹெட். ஹெட். நெக்.
குதிரைக்குத் தைத்த சட்டை அது.
ஒட்டகத்தின் கழுத்தைப் பார்த்த எவனாவது
கழுத்து வித்தியாசத்தை நெருக்கம் என்பானா?
அது பாதித் தெரு.
மேலும், இங்கே கோட்டை முதலில் தொடுவது
மூக்கும் இல்லை, தொங்கும் கீழுதடு.
உதட்டளவு என்றொரு அளவு தாளில் இல்லை.
நம்மிடம் இருக்கிறது,
ஆனால் நாம் அதைப் பொய்க்கு வைத்திருக்கிறோம்.

போகப் போக மற்றதும் சேர்ந்தது.
பூனை மீசை ஒன்றின் தடிமனில் வெல்லலாம்.
பல்லின் தோலளவில் தப்பலாம்.
பல்லுக்கு ஏது தோல் என்று கேட்டதற்கு
கம்பெனி வேன் ஓட்டும் தாஜுதீன் சொன்னார்:
"சல்வா ரோட்டுல ஒரு நாள் என்கூட வாங்க, காட்டுறேன்."

ஏப்ரலில் ஒரு காலை, நாலாம் சுற்று.
முதுகில் ரோபோ சாட்டை சுழற்ற,
பக்கத்துத் தடத்தில் லேண்ட் குரூசர்கள் அலற,
இரண்டு ஒட்டகங்கள்
ஒரே மூச்சில் கோட்டில் வந்து விழுந்தன.

இந்தக் கேமராவுக்கு மைதானம் தெரியாது.
கோட்டை மட்டும்
நொடிக்கு ஆயிரம் முறை பார்க்கும்.
ஓடுவது உருவமாகும்.
நிற்பது இழுபட்டு வெறும் பட்டையாகும்.
கோட்டருகே குடையோடு நின்ற காவலாளி
படம் நெடுக ஒரு நீலக் கறை.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
உதடும் உதடும் ஒரே புள்ளிவரிசை.
இம்மி பிசகில்லை.
டெட் ஹீட் என்று தட்டினேன்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
செத்ததாகத் தெரியவில்லை.

பரிசு ஒரு கார், முதலாளிகள் இரண்டு பேர்.
பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.
பேசினால் தீருமளவுக்கு
இருவரிடமும் கார்கள் உண்டு.

எனக்கும் பெர்னதத்துக்கும் வைத்த பரீட்சையை
யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.
இரண்டு நாற்காலி இனி ஒன்று என்றார்கள்.
எனக்கு எண்பத்தொன்று, அவளுக்கு எண்பதரை.
எங்கோ விட்ட ஒரு கமா.
'வெரி க்ளோஸ்' என்று மெயிலில் போட்டிருந்தார்கள்,
இருவருக்கும் ஒரே மெயில்.

அரை மார்க்கில் தோற்றவளையும்
விமானம் முழுத்தூரமும்தான் கொண்டுபோனது.
நடுக்கடலில் கொஞ்சம் நின்று
இங்கே இறங்குறியாம்மா என்று கேட்கவில்லை.
ரைஸ் குக்கரை எனக்கு விட்டுப்போனாள்.
மூடி சரியாக உட்காராது,
மயிரிழை இடைவெளியில் எப்போதும் ஆவி.

நேற்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.
தூத்துக்குடியில் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாளாம்,
பேச்சுக்குப் பின்னால் காற்றும் ஹாரனும்.
"இன்னைக்கு என்னடி வார்த்தை?" என்று கேட்டிருக்கிறாள்.

பதில் போட இன்னும் வாய்க்கவில்லை.
ஆறாம் சுற்று கிளம்பிவிட்டது, தூரத்தில் புழுதி.
கோட்டுக்கு நேர்மேலே
நாலு வருடமாய்
அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.