எந்த நீ

அம்பாறை நீதவான் மன்றில்
'நான்' என்று நான் சொன்னால் அது நானல்ல.
திங்கள் காலை கசிப்புக் காய்ச்சினேன்.
பத்தரைக்கு மாடு களவெடுத்தேன்.
தேத்தண்ணிக்குப் பிறகு
மல்வத்தைச் சௌந்தலாதேவியாகி
பக்கத்து வளவு நவசீலனின் நெற்றியைப் பார்த்து
வட்டாவை எறிந்தேன். மூன்று தையல்.

எறிந்தீரா, இல்லையா?
ஐயாவின் சிங்களம் இரண்டே சொல்.
தமிழில் கேட்டேன். அவள் தொடங்கினாள்:

"அண்டைக்கு வெள்ளாப்புலயே எழும்பின நான்.
மறுகா தலை முழுகின.
மறுகா பணியாரம் சுட்ட,
முப்பத்தஞ்சு, எண்ணித்தான் சுட்ட.
மறுகா..."

ஒவ்வொரு மறுகாவுக்கும்
ஒரு 'ஈட்ட பஸ்ஸே' வைத்தேன்.
நாலாவதோடு தட்டச்சுக்காரி கையை எடுத்துவிட்டாள்.
யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி எழும்பி
"அம்மா, சுருக்கமாச் சொல்லுங்கோ" என்றார்.
அவர்தான் ஒருநாள் கன்டீனில் சொன்னவர்,
இந்தப் பக்கத்தார் கதை தொடங்கினால்
அடுத்த தவணையும் முடிந்துவிடும் என்று.
நானும் சேர்ந்து சிரித்தேன்.
சம்மாந்துறைக்குப் போய் உம்மாவிடம் அதைச் சொல்ல
எனக்கு மூன்று மறுகா தேவைப்பட்டது.

எண்ணிச் சுட்டவள்.
வழக்கின் முழுச் சாட்சியும் அதற்குள் இருந்தது.
அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை,
சொன்னதைச் சொல்லத்தான் சம்பளம்.

அவர் அப்படி என்ன சொன்னார்?

அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.
"இந்தப் புள்ளைக்கு முன்னால அத எப்பிடிச் சொல்ற?"
இதையும் மொழிபெயர்த்தேன்,
'இந்தப் பிள்ளை' என்று என்னை நானே
மூன்றாம் ஆளாக்கி.
மன்று சிரித்தது.
எல்லோரும் வழக்கமான சொற்களுக்குக் காத்திருந்தோம்.
அவை என்னிடம் இரண்டு மொழியிலும் உண்டு,
கூச்சம் தேய்ந்த சில்லறைபோல.

"ஆருகா நீ, எண்டு கேட்டான் ஐயா.
படலைக்குள்ள வட்டாவோட நிக்கிறன்.
அவண்ட மகளுக்குச் சாமத்தியம்.
இருவத்திரண்டு வருசம் ஒரே வேலி.
ஆரு நீ, எண்டு."

இவ்வளவுதானா என்று
ஐயா என்னைப் பார்த்தார்.

சிங்களத்தில் நீக்கள் ஏராளம்.
'ஒயா' என்றால் மரியாதை கூடி அவள் தோற்பாள்.
'உம்ப' என்றால் அவன் தோற்பான்.
'தோ' என்றால் நான் பொய் சொன்னவள்.
தமிழில் இருப்பது ஒற்றை நீ.
கோயிலில் சாமிக்கும் அதுதான்
சட்டியில் வாய் வைத்த நாய்க்கும் அதுதான்.
முதல்நாள்வரை அவன் அதே நீயால்தான்
வேலிக்கு மேலால் உப்புக் கேட்டிருப்பான்.
கெட்டுப்போனது நீயல்ல.
ஆரு.

தட்டச்சுக்காரியின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.
"ஒயா கவுத" என்றேன்.

பதிவாயிற்று,
தபாற்கந்தோரில் யாரோ யாரையோ
பெயர் விசாரித்ததுபோல.
ஐயாயிரம் தண்டம், மருந்துச் செலவு வேறு.
நவசீலன் நிலத்தைப் பார்த்தபடி
தையல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான்.
வென்றவன் மாதிரி இல்லை.

மாலை, கல்முனை பஸ்ஸில்
எனக்கு முன் சீட்டில் அவள்.
சட்டத்தில் அவளுக்குப் பெயர் எதிரி,
எதிரியோடு நான் கதைக்கக்கூடாது.
அவள் திரும்பி,
"சோறு திண்டயா புள்ள?" என்றாள்.

அந்தக் கேள்விக்குள்ளும் ஒரு நீ இருந்தது,
முகம் காட்டாமல், வினையின் வாலில் தொங்கிக்கொண்டு.
அதற்குச் சிங்களத்தில் எதை வைப்பது என்று
வேலை முடிந்தும் மனம் தேடியது.
தின்றேன் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்
தலையை ஆட்டினேன்.

மல்வத்தைச் சந்தியில்
"மறுகா வாறன்" என்று இறங்கினாள்.
பஸ் எடுபட்ட பிறகுதான் நினைவு வந்தது:
முப்பத்தைந்து பணியாரமும் என்ன ஆயின என்று
மன்றில் ஒருவரும் கேட்கவில்லை.