நாலு பத்து

ரயேனின் கோப்புகள்
விடிகாலை நாலு பத்துக்கு வந்து விழுகின்றன.
மூழ்கிய படகு, கூரை பறந்த மர ஆலை,
ஈரத்தில் முளைவிட்ட கோதுமைக் கிடங்கு.
வால்டிவியாவில் மழை எதையெல்லாம் தின்றதோ
அதற்கெல்லாம் ஒரு தொகை போட்டு அனுப்புகிறாள்.
ஒரு பெசோ பிசகுவதில்லை.

இங்கே வந்து உட்கார்ந்திருந்த காலத்தில்
வாரத்துக்கு மூன்று பிழையாவது இருக்கும்.
வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.
இப்போது என் சிவப்புப் பேனா
மூடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்டது.

சான்டியாகோ தலைமையகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது:
விரும்பிய நேரத்தில் வேலை. ஊழியரின் திறன், நலன்.
ஒன்று முதல் ஏழு வரை மதிப்பிடுக.

திறனுக்கு ஏழு போட்டாயிற்று.
நலனுக்கான கட்டத்தில் கை நின்றுவிட்டது.
ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் பெண்ணுக்கு
எத்தனை போடுவது?

மூன்று ராத்திரி
வீட்டில் கணினியைத் திறந்துவைத்து
கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்தேன்,
அவள் பெயருக்குப் பக்கத்தில்
பச்சைப் புள்ளி எரிவதை, அணைவதை.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு
அலுவலகத்திலிருந்து அழைத்தேன்.
எடுத்ததும் குரைப்புச் சத்தம்.
"நாய் இல்லை, தொன் எலெயாசார். கடற்சிங்கம்.
மீன் சந்தைப் படிக்கட்டில் படுத்துக்கொண்டு
தலையும் வாலும் கேட்டு அதட்டுகிறது.
என் மகள் அதைத் திருப்பி அதட்டுகிறாள்."

இழுத்து இழுத்துக் கேட்டேன்:
இந்த நாலு மணி வேலையில்
உடம்பு கெட்டுப்போகாதா, ரயேன்?

சிரித்தாள்.
"எட்டுக்கே அவளோடு படுத்துவிடுகிறேன்.
மூன்றுக்கு எழுந்தால் வீடு எனக்கே எனக்கு.
அடுப்பில் விறகு. ஒரு குவளை மாத்தே. கூரையில் மழை.
அம்மா என்று யாரும் கூப்பிடுவதில்லை, ரயேன் என்றும் இல்லை.
எண்களெல்லாம் அப்போது
சொன்ன பேச்சு கேட்கும்."

கொஞ்சம் பொறுத்து,
"நீங்கள் ஏன் மூன்று ராத்திரியும்
பச்சையாக இருந்தீர்கள்?"

என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.
வைத்த பிறகுதான் கேட்டது
பதினோரு காலி நாற்காலிக்கு நடுவே
காப்பி இயந்திரம் தனக்குள் முனகுவது.

படிவத்தில் அவளுக்கு இன்னொரு ஏழு போட்டேன்.
மேலாளருக்கென்று அதில் கட்டமே இல்லை.

மீன் சந்தை இங்கிருந்து நாலு தெரு.
இருபத்தாறு வருஷத்தில்
ஒரு வேலைநாள் மதியம் அந்தப் பக்கம் போனதில்லை.

குடையை எடுத்தேன்.
கதவுவரை வந்து மணி பார்த்தேன்.
மூன்று இருபது.
குடையை வைத்துவிட்டேன்.
அது நனைந்திருக்கவே இல்லை.