நாடா

வாள் கொண்டுவர இங்கே எவருக்கும் அனுமதி இல்லை.
ஆனாலும் கோட் மாட்டும் கொக்கி ஒவ்வொன்றிலும்
வாளுக்கென்றே ஓர் இளஞ்சிவப்பு நாடா.
அழுக்கானால் நான் மாற்றுவேன்.

ஏன் என்று முதல் வருடம் கேட்டேன்.
"எப்போதும் இருந்துவருகிறது" என்றார் மேலாளர் திரெல்ஃபால்.
வேலைக்கான பதில் என்று நினைத்தேன்.
நாட்டின் அரசியல் சட்டத்தையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

என் கணவர் லெஷெக் போலந்துக்காரர்.
அவர் ஊரில் அரசியல் சட்டத்துக்கு மே மாதத்தில் விடுமுறையே உண்டு.
உங்களுடையது எங்கே, காட்டு என்றார்.
ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன்:
ஓர் ஆட்டுத்தோல்,
நாலைந்து தீர்ப்பு, யாரோ யாருக்கோ எழுதிய கடிதம்,
மிச்சமெல்லாம்
பெரிய மனிதர் அப்படிச் செய்யமாட்டார் என்கிற நம்பிக்கை.
லெஷெக் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது இலையுதிர் காலத்தில்
ஆள் போதாதென்று என்னைப் பிரபுக்கள் பக்கம் அனுப்பினார்கள்.
பிறப்பால் வந்தவர்களின் பெயர் அட்டைகளைக் கழற்றும் வேலை.
தொண்ணூற்றிரண்டு பேர் மட்டும் தங்கலாம், தற்காலிகமாக.
(இங்கே தற்காலிகம் என்றால்
என் வேலைக்காலத்தை விட நீளம்.)
ஆஸ்க்ரிக் பிரபு தன் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
இருந்த இடத்தில் மரம் வெளுத்திருந்தது.
அதே வருடம் எடின்பரோவில் புதிய மன்றம்.
அங்கே வேலைக்குச் சேர்ந்த தங்கையிடம்
முதலில் நான் கேட்டது: கொக்கியில் நாடா உண்டா?
இல்லையாம். தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறதாம்.

அப்புறம் நீதிபதிகள் போனார்கள்.
பிரபுக்கள் அவையிலேயே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள்
சதுக்கத்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்துக்கு.
நூறடி தூரம் இருக்குமா? கோட்டைக் கையிலேயே எடுத்துப் போயிருக்கலாம்.

பத்து வருடம் கழித்து,
மன்றத்தை ஐந்து வாரம் மூடிவைத்த செப்டம்பரில்,
அடுப்படிக்குப் பெயின்ட் அடிக்க விடுப்பு எடுத்தேன்.
இரண்டாவது பூச்சு காய்வதற்குள்
எதிர்க் கட்டடத்திலிருந்து தீர்ப்பு:
மூடச் சொன்ன தாள் வெற்றுத்தாளுக்குச் சமம்.
மன்றம் மூடப்படவே இல்லை.

அப்படியானால் என் விடுப்பு?
சம்பளப் பிரிவில் கேட்டேன்.
இதற்கு முன்னுதாரணம் இல்லை என்றார்கள்.
இரண்டு நாள் யோசித்து, பாதியைத் திருப்பித் தந்தார்கள்.
இனி அதுதான் முன்னுதாரணம்.

இன்று காலை புது உறுப்பினர் ஒருத்தி
சைக்கிள் தலைக்கவசத்தைத் தொங்கவிட்டதில் நாடா அறுந்துபோனது.
மன்னிப்புக் கேட்டு ஓடினாள், மணி அடித்துவிட்டது.
இழுப்பறையில் சுருள் இருக்கிறது.
எவ்வளவு நீளம் வெட்டவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.
திரெல்ஃபால் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை அளப்பார்.
நானும் அப்படியே அளக்கிறேன்.
என் கை
அவர் கையை விடக் குட்டை.